அடுக்களைத் தரையும் அரை அங்குலமும்

அடுக்களையைப் புதுப்பிக்க எண்ணும் இல்லங்களில் முதற்பேச்சு அலமாரியின் நிறத்தைப் பற்றியதாகவே இருக்கும். தரையை எவரும் நினைப்பதில்லை. ஜூஜுவாடியிலுள்ள எங்கள் இல்லத்திலும் பேச்சு அவ்வாறே தொடங்கியது. அதைத் தரையின் பக்கம் திருப்பியவர் என் மாமியார். எழுபது வயதைக் கடந்த அவர் கைத்தடியின் துணையோடு நடப்பவர்; ஆயினும் நோன்புக் கஞ்சியைப் பிறர் கையில் ஒப்படைக்க இன்றுவரை சம்மதித்ததில்லை.

பழைய கடப்பாக்கல் தரைமீதே பசை கொண்டு டைல்ஸ் ஒட்டிவிடலாம், செலவு குறையும், இரண்டே நாள் வேலை என்றார் மேஸ்திரி. அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் ஓடும் பசையும் சேர்ந்தால் கூடத்தைவிட அடுக்களை அரை அங்குலத்துக்கு மேல் உயர்ந்துவிடும். நமக்கு அது ஒரு பொருட்டல்ல. காலைத் தேய்த்து நடக்கும் முதியவருக்கோ அதுவே தடுக்கிவிடும் படி. அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டும் எழுந்து நடப்பது எத்தனை அரிது என்பதை நீங்களும் உங்கள் சுற்றத்தில் கண்டிருப்பீர்கள். ஆகவே பழைய கல்லைப் பெயர்த்தெடுத்து, கூடத்தின் மட்டத்துக்கே புதிய தரையை அமைப்பதென்று முடிவு செய்தோம். கூலி கூடிற்று, தூசியும் கூடிற்று.

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பெயர் பெற்றது. எனினும் கடைகளில் அடுக்கிக் கிடப்பவை பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் ஓடுகளே. எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் வாங்கினால் மலிவு என்பார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு இருபுறமும் வரி ஒன்றுதான். வண்டி வாடகையையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள்.

கண்ணாடிபோல் மின்னும் ஓடு என் உள்ளத்தைக் கவர்ந்தது என்னவோ உண்மை. மாமியாரோ கடைக்காரரிடம் ஒரு குவளைத் தண்ணீர் கேட்டு வாங்கி, ஓட்டின்மீது ஊற்றி, என் தோளைப் பற்றியவாறு வெறுங்காலால் அதை அழுத்திப் பார்த்தார். "ஒளு செய்த காலோடு இதில் நடக்க முடியுமா, சொல்லும்மா?" என்றார். மின்னும் ஓடு அத்தோடு கழிந்தது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள, ஓரடிச் சதுர ஓடுகளை எடுத்தோம். ஓடு சிறிதானால் இணைப்புக் கோடுகள் மிகும். காலுக்குப் பிடிப்பும் மிகும். கோடுகளில் அழுக்குச் சேருமே என்பீர்கள். சேரும்தான், எபாக்ஸி கொண்டு நிரப்பினால் எண்ணெய்க் கறை எளிதில் உள்ளே இறங்காது.

அலமாரி வரும் இடத்தில் ஓடு எதற்கு என்பது அடுத்த கேள்வி. எங்கள் அடுக்களை பத்துக்குப் பன்னிரண்டு அடி. இரு சுவர்களை ஒட்டி இரண்டடி ஆழத்தில் அலமாரி வைத்தால் அதன் அடியில் 40 சதுர அடி மறைந்துவிடும். ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. அதை விட்டுவிட்டால் பணம் மிச்சம்தான். ஆனால் தொட்டிக் குழாய் கசிந்தால் தண்ணீர் தேங்குவது அந்த மறைவிடத்தில்தான். பிற்காலத்தில் அலமாரியை இடம் மாற்றினால் மொட்டைத் தரை வேறு பல்லிளிக்கும். ஆகவே முதலில் குழாய் வேலை, பின் தரை முழுவதும் ஓடு, அதன் பிறகே கால் வைத்த அலமாரி என்று வரிசைப்படுத்தினோம்.

120 சதுர அடிக்கு, வெட்டுச் சேதத்தையும் எண்ணி 132 சதுர அடி வாங்கினோம். பெட்டிதோறும் அச்சிட்டுள்ள ஷேடு எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறுபட்டால் ஒரே பெயருள்ள ஓடும் நிறம் மாறித் தெரியும். ஓடு வெட்டும்போது தண்ணீர் ஊற்றி வெட்டச் சொல்லுங்கள். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுப்பது. வேலை செய்பவரும் ஒரு குடும்பத்தின் தலைவர்தானே!

நாளையும் பார்த்தே குறித்தோம். கல் பெயர்த்து, ஓடு பதித்து, அது இறுகும்வரை அடுப்பைத் தாழ்வாரத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. ரமளானில் ஸஹர் நேரத்தில் அது இயலாதென்பதால் ஷஅபான் பிறைக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டோம். மறுநாள் மாமியார் கைத்தடியின் நுனியால் ஒவ்வோர் ஓட்டையும் தட்டிக் கொண்டே வந்தார். இரண்டு ஓடுகள் பொள்ளென ஒலித்தன. மேஸ்திரி முகம் சுளிக்காமல் அவற்றைப் பெயர்த்து மீண்டும் பதித்தார். எஞ்சிய ஓடுகள், ஷேடு எண்ணோடு, மாடிப்படியின் கீழே இருக்கின்றன.