ஒற்றைப் பக்கக் கடை

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் மதினி மரச்செக்கு போட்ட புதிதில், ஃப்ளெக்ஸ் போர்டும் விசிட்டிங் கார்டும் வந்த கையோடு, வெப்சைட்டும் வேண்டும் என்று பேச்சு வந்தது. டவுனில் விசாரித்தால் 25,000 ரூபாய் சொன்னார்கள். அந்தக் காசுக்கு எத்தனை மூட்டை கடலை எடுக்கலாம் என்று மதினி மனக்கணக்குப் போட்டதிலேயே அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. “நாமளே செஞ்சிர முடியாதா தம்பி?” என்றார். முடியும். ஒரு பக்கம், நாலைந்து படம், ஒரு போன் நம்பர். இதற்கு ஆள் வைக்க வேண்டியதில்லை.

டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் வெளியுலகுக்குத் திறந்துவிட்ட முதல் வலைத்தளத்தை இன்றைக்கும் பார்க்கலாம். எழுத்தும், தொட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகிற இணைப்புகளும்தான், படம்கூடக் கிடையாது. புதிதாகக் கடை போடுகிறவர்கள் அதை ஒரு தடவை பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும். உலகத்துத் தளங்களில் பத்துக்கு நாலு வேர்டுபிரஸில்தான் ஓடுகின்றன. இலவசம், நல்ல மென்பொருள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு அவ்வப்போது அப்டேட் போட வேண்டும், கவனிக்காமல் விட்டால் யாராவது உள்ளே புகுந்துவிடுவார்கள். ஒற்றைப் பக்கத்துக்கு எதற்கு என்று வெறும் எச்.டி.எம்.எல்.லில் எழுதினோம். தலைப்புக்கு ஒரு குறி, பத்திக்கு ஒரு குறி, படத்துக்கு ஒரு குறி. ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்த மதினி, “கோணல் அடைப்புக்குள்ள இருக்கதத் தொடக் கூடாது, நடுவுல இருக்கத மாத்திக்கிடலாம், அவ்வளவுதான?” என்று கேட்டார். அவ்வளவுதான்.

முகவரிக்குப் பெயர் பிடிப்பதில்தான் முதல் இடறல். ‘.இந்தியா’ என்று தமிழிலேயே முடிகிற முகவரி வாங்கலாம், எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் இணையத்தின் அடித்தளம் ஆங்கில எழுத்தில்தான் பெயர்களைத் தேடுகிறது. தமிழ் முகவரியை உள்ளுக்குள் ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ஒரு எழுத்துக் குவியலாக மாற்றிக்கொள்ளும். சில இடங்களில் படியெடுத்து ஒட்டினால் அந்தக் குவியலே வெளியே வந்து நிற்கும். அதைப் பார்த்து யாரும் எண்ணெய் வாங்க மாட்டார்கள். சரி, ஆங்கில எழுத்தில் வைக்கலாம் என்றால், ‘செக்கு’வை ‘எஸ்’ போட்டுத் தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள், ‘சிஎச்’ போடுகிறவர்களும் இருக்கிறார்கள். போனில் சொன்னால் கேட்பவர் தப்பில்லாமல் அடிக்க வேண்டுமே. கடைசியில் செக்கையே விட்டுவிட்டு ஊர்ப் பெயரையும் ‘ஆயில்’ என்பதையும் சேர்த்து ‘.இன்’ போட்டோம்.

முகவரியை வாங்கும்போது மதினியின் சொந்த மின்னஞ்சலில், அவர் பெயரில்தான் பதிந்தேன். பக்கத்து ஊர் ஜவுளிக்கடை ஒன்றுக்குத் தளம் செய்து கொடுத்த பையன் எல்லாவற்றையும் தன் பெயரில் வைத்துக்கொண்டு துபாய் போய்விட்டான். வருஷம் முடிந்து பெயர் கைவிட்டுப் போனது. முதல் வருஷம் சல்லிசாகத் தருவார்கள், இரண்டாம் வருஷப் புதுப்பிப்புக் கட்டணத்தைத்தான் பார்த்து வாங்க வேண்டும்.

இது வரைக்கும் கம்ப்யூட்டர் வேலை. அதன் பிறகு உள்ளே என்ன எழுதுவது என்று உட்கார்ந்தபோதுதான், கடையில் இன்னும் முடிவெடுக்காத சங்கதிகளெல்லாம் ஒவ்வொன்றாகத் தலைநீட்டின. ஆள் வைத்துச் செய்திருந்தால் அந்த இடங்களையெல்லாம் ‘பாரம்பரியம், ஆரோக்கியம், நூறு சதவீதத் தூய்மை’ என்று அவரே நிரப்பித் தந்திருப்பார். எங்களுக்கும் விஷயம் தெரியாமலே போயிருக்கும்.

உதாரணத்துக்கு, வெளியூருக்கு அனுப்புவோமா? அனுப்புவோம் என்று மதினி பட்டென்று சொல்லிவிட்டார். எண்ணெய் லிட்டரில் விற்கிறோம், கூரியர்க்காரர் கிலோவில் வாங்குகிறார். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான். ஆனால் கேனும் அட்டைப்பெட்டியும் ஒழுகாமல் சுற்றுகிற பாலித்தீனும் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். தாண்டினால் அடுத்த கட்டணம். தராசை எடுத்துவைத்து ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்த பிறகு, வெளியூருக்கு ஐந்து லிட்டர் கேன் மட்டும், கூரியர் செலவு தனி என்று முடிவானது. எண்ணெய் அளவைப் போடும்போது எடையையும் சேர்த்துப் போடச் சொல்லி 2022இல் மத்திய அரசு தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. அந்த 910 கிராம் அதற்கும் உதவியது.

‘எங்களைப் பற்றி’ பகுதிக்கு வந்தபோது, “இதயத்துக்கு நல்லதுன்னு போடுவோமா? எல்லாரும் போடுதாங்களே” என்றார்.

“நமக்கு யார் சொன்னா மதினி?”

“அதுவும் சரிதான்.”

நோயைத் தீர்க்கும் என்கிற மாதிரி உணவுப்பொருளுக்கு விளம்பரம் செய்வதை 2018ஆம் வருஷத்து விதிகள் தடுக்கின்றன என்பது வேறு விஷயம். எனக்கு அந்த வாக்கியங்களின் மேலேயே நம்பிக்கை இல்லை. எந்தக் கடைப் பெயரை மேலே ஒட்டினாலும் பொருந்திவிடும். அதனால் செக்கடியில் வந்து நிற்கிறவரிடம் மதினி என்ன சொல்வாரோ அதையே எழுதச் சொன்னேன். உலக்கை வாகை மரம். நல்லெண்ணெய்க்கு எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டுகிறோம், கருப்பட்டி உடன்குடியிலிருந்து வருகிறது. ஆட்டின எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளியவிடுகிறோம். அப்படியும் கேனின் அடியில் கொஞ்சம் கசடு தங்கும், அது கலப்படம் இல்லை. தெளிவது வரைக்கும் பொறுக்க முடியாதவர்களுக்குக் கலங்கலாகவே தருவோம். இந்தக் கடைசி வரியை எந்த விளம்பர நிறுவனமும் எழுதித் தராது. அதைப் படித்துவிட்டுத்தான் சிலர் போன் செய்கிறார்கள்.

விலையைப் போடுவதா வேண்டாமா என்பதில் மட்டும் ஒரு வாரம் ஓடியது. போட்டால் பக்கத்துச் செக்குக்காரர் பார்த்துவிட்டுப் பத்து ரூபாய் குறைத்துவிடுவார் என்பது மதினியின் கவலை. அவர் ஏற்கெனவே ஆள்விட்டுக் கேட்டிருப்பார் என்றேன். விலை போடாத தளத்தைப் பார்த்தால் வாங்க வருகிறவருக்கு முதலில் வருவது சந்தேகம்தான் என்பது என் கட்சி. கடலைப் பருப்பு விலை ஏறி இறங்கினால் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. அதனால் விலைக்குப் பக்கத்தில் தேதியும் இருக்கும். மாறினால் இரண்டையும் மதினியே போனிலிருந்து மாற்றிவிடுவார்.

ஆர்டருக்குக் கூடை, பணம் கட்டும் வசதி எதுவும் வைக்கவில்லை. ஒரு பச்சைப் பொத்தான், தொட்டால் வாட்ஸ்அப் திறக்கும். ‘டபிள்யூஏ டாட் மீ’ என்பதற்குப் பின்னால் சாய்கோடு, 91, அப்புறம் கைபேசி எண்; கூட்டல் குறி போடக் கூடாது. பணம் யூபிஐயில் வரும். கீழே உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண், முழு முகவரி, குறை சொல்ல ஒரு நம்பர். இணைய வியாபாரத்துக்கான 2020ஆம் வருஷத்து நுகர்வோர் விதிகளும் முகவரியைக் கேட்கின்றன. அவை கேட்காவிட்டாலும், முகவரி இல்லாத எண்ணெயை நான் வாங்க மாட்டேன்.

எழுத்து விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருந்தேன். அச்சகத்தில் ஃப்ளெக்ஸுக்குச் செய்த டிசைனை அப்படியே படமாகத் தளத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் படத்துக்குள் இருக்கும் தமிழைத் தொட்டுப் படியெடுக்க முடியாது, தேடினால் அகப்படும் என்றும் நம்ப முடியாது. யூனிகோடில் தட்டச்சு செய்தால் இந்தத் தொல்லை இல்லை. வரிக்கு வரி இடைவெளியைத்தான் ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் மேல்வரி ‘கூ’வின் வாலும் கீழ்வரி ‘கீ’யின் கொண்டையும் முட்டிக்கொள்ளும். படங்களைப் போனில்தான் எடுத்தோம். ஒவ்வொன்றும் நாலு எம்பி இருந்தது; ஊர்ப்பக்கத்துச் சிக்னலுக்கு அது ஆகாது என்று 150 கேபிக்குச் சுருக்கினேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தளத்தைத் திறந்த பிறகு வந்த வாட்ஸ்அப் செய்திகளில் கணிசமானவை எண்ணெய் பற்றியவை அல்ல, பிண்ணாக்கு கிடைக்குமா என்று கேட்டவை. மாடு வைத்திருப்பவர்களும் கூகுளில் தேடுகிறார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. பிண்ணாக்குக்கும் ஒரு வரி சேர்த்தாயிற்று. அதை மதினியே சேர்த்தார், விலை போடாமல். மாட்டுக்காரர்களிடம் நேரில் பேசிக்கொள்வாராம்.