விடுபட்ட பெயர்

சென்ற ஆண்டு பீடங்களுக்கிடையிலான உதைபந்தாட்ட இறுதிப் போட்டிக்கு முதல்நாள் மாலை, எமது அணியின் பதினொரு பெயர்களையும் ஒரு தாளில் எழுதி அறிவித்தற் பலகையில் ஒட்டியவன் நான். அணித்தலைவன் என்ற வகையில் அது என் கடமை. அப்பட்டியலில் என் அறைத்தோழனின் பெயர் இருக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் இடதுபுறப் பின்காவலில் நின்றவன் அவன்; அரையிறுதியில் இருமுறை தவறியதால் அவனை நீக்கினேன். நீக்கியது சரியா பிழையா என்பது வேறு கதை. அதனை அவனுக்கு நான் முன்கூட்டியே சொல்லவில்லை. எம் இரு கட்டில்களுக்கும் இடையில் ஒரு மேசை அகலமே இடைவெளி. எனினும் நா எழவில்லை. விரிவுரை முடிந்து வரும் வழியில், நாலு பேர் பார்த்திருக்க, பலகையைப் படித்தே அவன் அறிந்துகொண்டான். மறுநாள் நாம் வென்றோம். வென்றமையால் எவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அதன் பின்னர்தான் அலெக்ஸ் பேர்குசனின் வாழ்க்கையை நான் கருத்தூன்றிப் படித்தேன். மன்செஸ்ரர் யுனைற்றட் கழகத்தின் முகாமையாளராக அவரை அறியாதார் இலர். ஆனால் என்னை ஈர்த்தது அந்தப் புகழன்று. அதற்கு முன்னர் ஸ்கொட்லாந்தில் கழகம் கழகமாக அலைந்த ஒரு முன்வரிசை ஆட்டக்காரனின் கதையாகும்.

1941ஆம் ஆண்டின் கடைசி நாளில் கிளாஸ்கோ நகரின் கோவன் பகுதியில் பிறந்தவர் அவர். தந்தையார் கப்பல் கட்டும் தளத்தில் தொழிலாளி. மகன் கருவி செய்யும் தொழில் பயின்றார். பயிலுநர்களின் வேலைநிறுத்தத்திலும் முன்னின்றார். பதினாறு வயதில் குவீன்ஸ் பார்க் கழகத்தில் ஊதியமின்றி ஆடத் தொடங்கி, 1960இல் சென்ற் ஜோன்ஸ்ரன் கழகத்துக்கு மாறினார். அங்கும் நிலையான இடம் இல்லை. 1963 டிசம்பரில் மனம் வெறுத்து, தமக்குக் காய்ச்சல் எனத் தாயார் பேசுவதுபோல ஒரு பெண்ணைக் கொண்டு முகாமையாளருக்குத் தொலைபேசியில் சொல்லுவித்தார்! பொய் பலிக்கவில்லை. பலர் காயமுற்றிருந்தமையால் அவரையே ஆடும்படி பணித்தனர். ஆடியவர், பலம்மிக்க றேஞ்சர்ஸ் கழகத்தின் சொந்த அரங்கிலேயே மூன்று கோல்களையும் தாமே போட்டு, 3-2 என்ற கணக்கில் வெற்றி தேடிக்கொடுத்தார். நோயாளி வேடம் பூண்டு விரிவுரைக்கு வராதிருக்கும் எம்மவர் சிலர் இதனைக் கவனிப்பார்களாக.

1964இல் டன்பேர்ம்லின் கழகத்தில் சேர்ந்த பின்னரே அவர் முழுநேர ஆட்டக்காரரானார். மறு ஆண்டு ஏப்ரலில் அக்கழகம் ஸ்கொட்டிஷ் கிண்ண இறுதிப் போட்டியில் செல்ரிக் கழகத்தைச் சந்தித்தது. ஆட்டம் தொடங்கச் சிறிது நேரமே இருந்தபோது, உடைமாற்றும் அறையில் முகாமையாளர் வில்லி கனிங்ஹாம் அணியின் பெயர்களை வாசித்தார். பேர்குசனின் பெயர் அதில் இல்லை. அவருடைய இடம் மக்லொக்ளினுக்கு வழங்கப்பட்டிருந்தது. அன்றைய விதிகளில் மாற்றாட்டக்காரர் என்ற ஏற்பாடு இல்லை. பெயர் இல்லாதவன் அன்று வெறும் பார்வையாளனே. அவ்வறையிலேயே, சக ஆட்டக்காரர் முன்னிலையில், அவர் முகாமையாளரை வாய்க்கு வந்தபடி ஏசினார்.

அந்த ஆட்டத்தில் டன்பேர்ம்லின் 3-2 எனத் தோற்றது. தோற்ற அணியின் இரு கோல்களுள் ஒன்றைப் போட்டவர் மக்லொக்ளின். இதனைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். தன் இடத்தில் ஆடியவன் சோபிக்காவிட்டால் மனத்துக்கு ஓர் ஆறுதல் உண்டு; அதுவும் அவருக்குக் கிட்டவில்லை. அடுத்த பருவத்தில் அவர் 51 ஆட்டங்களில் 45 கோல்களைக் குவித்தார். அது கனிங்ஹாமுக்கு அவர் அளித்த விடை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதே கனிங்ஹாமின் அணியில்தான் அவற்றைப் போட்டார் என்பதையும் மறத்தலாகாது.

1967இல் றேஞ்சர்ஸ் அவரை 65,000 பவுணுக்கு வாங்கியது. ஸ்கொட்டிஷ் கழகங்கள் இரண்டிற்கிடையில் அதுவரை கைமாறிய தொகைகளுள் அதுவே பெரிது. சிறுவயதில் தாம் நேசித்த கழகம். பிறந்த மண்ணின் கழகம். ஆனால் 1969ஆம் ஆண்டுக் கிண்ண இறுதிப் போட்டியில், செல்ரிக் தலைவர் பில்லி மக்னீலைக் காவல் செய்யும் பொறுப்பு அவருக்கு இருந்தது. இரண்டாவது நிமிடத்திலேயே மக்னீல் தலையால் முட்டிக் கோல் போட்டார். 1965இல் டன்பேர்ம்லினைத் தோற்கடித்த கோலும் இதே மக்னீலின் தலையிலிருந்து வந்ததே. றேஞ்சர்ஸ் 4-0 எனத் தோற்றது. பழி பேர்குசன்மீது விழுந்தது. பின்னர் இளையோருடன் பயிற்சி செய்யும்படி ஒதுக்கப்பட்ட அவர், அவ்வாண்டு முடிவதற்குள் போல்கேர்க் கழகத்துக்குச் சென்றார். அங்கு ஆட்டத்தோடு பயிற்றுநர் பணியையும் கற்றார். எயர் யுனைற்றட் அவரது கடைசி நிலையம்.

1974இல், 32 வயதில், ஈஸ்ற் ஸ்ரேர்லிங்ஷயர் என்னும் சிறு கழகம் வாரம் 40 பவுணுக்கு அவரைப் பகுதிநேர முகாமையாளராக்கியது. அவர் பொறுப்பேற்றபோது அக்கழகத்தில் ஒரு கோல் காப்பாளர்கூட இருக்கவில்லை. சில மாதங்களில் சென்ற் மிரன். அங்கு இளைஞர்களை வைத்து 1977இல் முதற் பிரிவுச் சம்பியன் பட்டம். மறு ஆண்டு பதவிநீக்கம். அபர்டீனில்தான் அவர் வேரூன்றினார். மூன்று தடவை சம்பியன் பட்டம்; 1983 மே மாதம் கோதன்பேர்க்கில் றியல் மட்றிட்டை 2-1 என வென்று ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ணம். அன்று அபர்டீனின் கோலைக் காத்து நின்றவர் ஜிம் லெய்ற்றன்.

1986 நவம்பரில் பேர்குசன் மன்செஸ்ரர் சென்றார். 1988இல் லெய்ற்றனையும் அங்கு அழைத்துக்கொண்டார். ஆண்டுகள் கடந்தும் வெற்றி எட்டவில்லை. 1989 செப்டெம்பரில் நகரத்துப் போட்டிக் கழகத்திடம் 5-1 எனத் தோல்வி. இரசிகரே அவரைப் போகச்சொல்லிப் பதாகை பிடித்தனர். எஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை எஃப்.ஏ. கிண்ணம். 1990 மே மாதம் வெம்பிளியில் கிறிஸ்ரல் பலஸுடனான இறுதியாட்டம் 3-3 என முடிவுறாது நின்றது. லெய்ற்றன் அன்று தடுமாறினார். ஐந்து நாள்களின் பின் நடந்த மறு ஆட்டத்துக்குப் பேர்குசன் அவரை நீக்கினார். லூற்றன் கழகத்திலிருந்து இரவலாகப் பெற்றிருந்த லெஸ் சீலி கோல் காக்க, லீ மார்ட்டின் போட்ட ஒரே கோலினால் யுனைற்றட் வென்றது. மன்செஸ்ரரில் அவர் பெற்ற முதற் கிண்ணம் அது. அது கிட்டாதிருந்தால் பின்வந்த 13 சம்பியன் பட்டங்களும் இரு ஐரோப்பியக் கிண்ணங்களும் அவருடைய கணக்கில் சேர்ந்திருக்குமா என்பது ஐயமே.

1965இல் பெயர் விடுபட்டவர், 1990இல் பெயரை விடுத்தார். முன்னதன் வலி அவர் கையைத் தடுக்கவில்லை. இதனை நன்றிகெட்ட செயல் என்று ஒரு காலம் நானும் எண்ணினேன். இப்பொழுது அவ்வாறு உறுதியாகக் கூற முடியவில்லை. தடுமாறும் ஒருவனைப் பழைய உறவுக்காக நிறுத்தியிருந்தால், மற்றப் பதின்மருக்கும் அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்? எனினும் லெய்ற்றனின் பக்கமும் ஒன்றுண்டு. கோதன்பேர்க்கில் தம்மோடு நின்றவரை அவர் இழந்தார். இருவருக்குமிடையிலான உறவு முறிந்தது. கிண்ணத்தின் விலையில் இதனையும் சேர்த்தே எண்ணவேண்டும். லெய்ற்றனோ ஒழிந்துபோய்விடவில்லை. ஸ்கொட்லாந்துக்குத் திரும்பி, மீண்டும் தேசிய அணியில் இடம்பிடித்து, 1998ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தின் தொடக்க ஆட்டத்தில், 39 வயதில், பிறேசிலுக்கு எதிராகக் கோல் காத்தார்.

என் தோழன் இறுதிப் போட்டியன்று மைதானத்துக்கு வந்திருந்தான். இடைவேளையில் தோடம்பழம் வெட்டிக் கொடுத்தவர்களுள் அவனும் ஒருவன். எனக்குரிய துண்டை என் கையில் தராமல் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனான். இவ்வாண்டும் அணித்தலைமை என்னிடமே வந்திருக்கிறது. அவனும் மாலைதோறும் பயிற்சிக்கு வருகின்றான், முன்னையிலும் வேகமாக ஓடுகின்றான். வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டப்படவேண்டும். இடதுபுறப் பின்காவலுக்கு எவர் பெயரை எழுதுவது என்று இன்னும் நான் முடிவு செய்யவில்லை. வியாழன் இரவு அவன் கட்டிலின் ஓரத்தில் சென்று அமர்வது என்பதை மாத்திரம் முடிவு செய்திருக்கிறேன்.