மஞ்சள் கோடு
(இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

என் தந்தையார் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தின் பக்கம் ஒதுங்கியதில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் முப்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். என்னைக் கல்லூரியில் சேர்த்தபோது பெற்றோர் கையொப்பம் என்றிருந்த இடத்தில் கைநாட்டு வைத்தார். அவருக்கும் எழுதத் தெரியும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில்தான் கண்டுகொண்டேன். அதற்குள் அந்த எழுத்தை அழித்துவிட்டிருந்தேன்.

அன்று ஒரு லாரியின் புரொப்பெல்லர் ஷாப்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். கழுவும் வேலை எனக்கு. டீசலும் கம்பி பிரஷ்ஷும் கொண்டு பளபளவென்று தேய்த்து வைத்தேன். இணைப்பின் இரு பக்கமும் படும்படி ஒரு மஞ்சள் பெயிண்டுக் கோடு இருந்தது. அதையும் அழுக்கென்றே எண்ணித் தேய்த்துவிட்டேன். நான்கு போல்ட்டு போடும் அந்த இணைப்பு நான்கு விதமாகவும் பொருந்தும். முன்பிருந்த பொருத்தம் ஒன்றுதான். மறுநாளே லாரி நடுநடுங்கிக்கொண்டு திரும்பி வந்தது.

"ஏன் சாமி, அந்த மஞ்சக் கோட்டையுமா கழுவிப்போட்டே?" என்றார் அப்பா. வேறொன்றும் சொல்லவில்லை. அவர் கூலியில்தான் அரை நாள் பிடித்தார்கள்.

கணக்கு எனக்குத் தெரியாததன்று. அச்சிலிருந்து 5 செ.மீ. தள்ளி 10 கிராம் எடை மிகுந்திருந்தால் போதும். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஏறக்குறைய 22 நியூட்டன் விசை, இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட சுமை, நொடிக்கு முப்பத்து மூன்று முறை சுற்றிச் சுற்றி இழுக்கும். தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்!

வெட்கம் உறங்கவிடவில்லை. இந்தக் கோடுகளைப் பற்றி அன்றிரவு கைப்பேசியில் தேடத் தொடங்கியவன், அமெரிக்காவின் டெட்ராய்ட் போய்ச் சேர்ந்தேன்.

1964-இல் போண்டியாக் ஜி.டி.ஓ. வந்தது முதல் எழுபதுகளின் தொடக்கம்வரை, நடுத்தர உடலில் பெரிய எஞ்சினைப் பொருத்திய 'மசில் கார்'களுக்கு அங்கே பெரும் மோகம். ஒரே வரிசையில் பல வகை எஞ்சின்கள், கியர் பாக்ஸ்கள், ஆக்சில்கள். ஷாப்டுகளின் நீளமும் பருமனும் சிறிதே வேறுபடும். ஓடும் வரிசையில் அளந்து பார்க்க நேரமேது? ஆகவே ஷாப்டைச் சுற்றி வண்ணக் கோடுகள் இட்டார்கள். நிறத்தைப் பார்த்து எடுத்து மாட்ட வேண்டியதுதான். முறுக்கிய நட்டின் மேல் ஒரு சொட்டு வண்ணம் வைத்தால், 'இதைப் பார்த்தாயிற்று' என்று பொருள்.

டெட்ராய்டை ஒட்டிய ஹாம்டிராமிக் ஊரில் டாட்ஜ் மெயின் என்றொரு ஆலை இருந்தது. 1970-இன் டாட்ஜ் சேலஞ்சர் அங்கே உருவானதே. 1968-இல் வேலையின் வேகத்தைக் கூட்டியதை எதிர்த்து அங்கே தொழிலாளர் வேலைநிறுத்தமே செய்தார்கள். அந்த அவசரத்தில் வைத்த சொட்டு வழிந்துதான் இருக்கும். கோடு கோணித்தான் இருக்கும். 1980 சனவரியில் ஆலையை மூடினார்கள். மறு ஆண்டு இடித்தும் விட்டார்கள்.

இன்று அக்கார்களைப் புதுப்பிப்போர் பழைய கிரீசை மெல்ல மெல்லக் கரைத்து, அடியில் மறைந்திருக்கும் கோடுகளைப் படமெடுத்து, அவ்வாறே மீண்டும் தீட்டுகிறார்கள். கண்காட்சிகளில் நடுவர்கள் காருக்கடியில் குனிந்து அவற்றைத் தேடுகிறார்கள். அவர்கள் பொறுமையை நான் மதிக்கிறேன். டீசலில் தேய்த்தவன் வேறென்ன சொல்ல? ஆயினும் ஓர் ஐயம்: புதிதாகத் தீட்டிய சொட்டு எதைச் சரிபார்த்ததாகச் சொல்கிறது?

படங்களை அப்பாவிடம் காட்டினேன். பழைய காரின் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய், "முறுக்கிட்டுத்தான் வெச்சிருக்கான் பாரு. நட்டுலயும் போல்ட்டுலயும் ஒண்ணாப் படிஞ்சிருக்கு" என்றார். புதுப்பித்த காரின் படத்தைப் பார்த்ததும், "இது அழகுக்கு வெச்சது" என்று கைப்பேசியைத் திருப்பித் தந்துவிட்டார்.

மறுநாள் பட்டறையில் இன்னொரு லாரியின் ஷாப்டைக் கழற்றுமுன், மஞ்சள் பெயிண்டு டப்பாவையும் பிரஷ்ஷையும் என் பக்கம் நகர்த்தினார். நான் இட்ட கோடு கோணலாக விழுந்தது. திருத்தப் போனேன்.

"இருக்கட்டும் சாமி. காய உடு."