புதிய மேக் மினி வேண்டாம், தம்பி

சென்னை
9.11.2014

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பொங்கலுக்குக் குழந்தைகளோடு வருகிறாய் என்றதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

வரும்போது புதிய மேக் மினி வாங்கி வரட்டுமா என்று கேட்டிருந்தாய். அது எனக்கு வேண்டாம். இவ்வளவு நாள் அதற்காகக் காத்திருந்தவள் இப்படி எழுதுகிறேனே என்று உனக்குத் தோன்றும். அக்டோபர் 16 அன்று ஆப்பிளின் அறிவிப்பு வந்ததும் விவரங்களைப் படித்தேன். மனசு விட்டுப்போயிற்று.

2012-இல் வந்த மேக் மினியில் 799 டாலர் மாடலிலேயே நாலு கோர் ஐ7 பிராசஸர் இருந்தது, 2.3 கிகாஹெர்ட்ஸ். இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் 2.6 கிடைத்தது. இப்போது 499, 699, 999 டாலர் என்று மூன்று மாடல்கள். மூன்றிலும் இரண்டே கோர். கூடுதலாகக் கட்டி ஐ7 கேட்டாலும் வருவது இரண்டு கோர் ஐ7தான். இரண்டு வருஷம் கழித்து வந்த இயந்திரத்தில் கோர் பாதியாகிவிட்டது! 499 டாலர் மாடலில் இருக்கும் 1.4 கிகாஹெர்ட்ஸ் சிப், மேக்புக் ஏரில் போடுவது. பேட்டரி சீக்கிரம் தீராமல் இருப்பதற்காகச் செய்தது அது. எப்போதும் சுவர் பிளக்கிலேயே இருக்கிற மேசைக் கம்ப்யூட்டருக்கு அது எதற்கு?

தனியாக ஒரு கோரை எடுத்துப் பார்த்தால் புதியதில் வேகம் சற்றுக் கூடியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. நெட் பார்க்க, கணக்கு எழுத, படம் பார்க்க அது தாராளமாகப் போதும். என் வேலை அப்படிப்பட்டதில்லை. ஒரு கச்சேரிப் பதிவை மிக்ஸ் பண்ண உட்கார்ந்தால் குரல், வயலின், மிருதங்கம், கடம், தம்பூரா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ட்ராக். மிருதங்கத்துக்கு மட்டுமே இரண்டு மைக். ஒவ்வொரு ட்ராக்கிலும் ஈக்வலைசர், கம்ப்ரஸர், ரிவர்ப் ஏறும். நான் மிக்ஸ் பண்ணும் லாஜிக் மென்பொருள் இந்தச் சுமையை ட்ராக் ட்ராக்காகக் கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. கோர் கூடினால் அதிக ட்ராக் தாங்கும். என்னிடம் இருக்கும் 2009 மினியில் இரண்டு கோர்தான். தனி ஆவர்த்தனம் வரும் இடத்தில் மீட்டர் சிவப்பாகி, பாட்டு அப்படியே நின்றுவிடுகிறது. பிறகு பாதி ட்ராக்குகளை ஃப்ரீஸ் பண்ணி, அதாவது எஃபெக்டோடு சேர்த்து ஒலியாகப் பதிந்து பூட்டி வைக்க வேண்டும். வித்வான் பக்கத்தில் உட்கார்ந்து, "கடத்தைக் கொஞ்சம் தூக்குங்கோ" என்பார். எஃபெக்டில் கை வைக்க வேண்டுமென்றால் அந்த ட்ராக்கை விடுவித்து, மாற்றி, மறுபடி ஃப்ரீஸ் பண்ண வேண்டும். அதற்குள் அவர் காதில் இருந்தது போய்விடும். நாலு கோர் நான் கேட்பது இதற்காகத்தான்.

நாலு கோரை விட்டதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது இது. 2012-இல் போட்ட இன்டெல் ஐவி பிரிட்ஜ் சிப்புகளில் இரண்டு கோரும் நாலு கோரும் ஒரே மதர்போர்டில் உட்கார்ந்தன. இப்போதைய ஹாஸ்வெல்லில் இரண்டுக்கும் அமைப்பு வேறு. நாலு கோரும் வேண்டுமென்றால் இந்தச் சின்னப் பெட்டிக்காக இரண்டு விதமான போர்டு செய்ய வேண்டும். சூடு தாங்காது என்று சொல்லவும் வழியில்லை. பெட்டி அதே அலுமினியப் பெட்டி. பழைய நாலு கோர் சிப்பின் 45 வாட்டை அது தாங்கியது. புதிய சிப்புகள் 28 வாட்டும் 15 வாட்டும்தான். முடியாததால் விட்டதல்ல இது. இன்னொரு போர்டுக்குச் செலவு செய்யும் அளவுக்கு நம்மைப் போன்றவர்கள் தேவையில்லை என்று முடிவெடுத்ததாகவே எனக்குப் படுகிறது.

ராம் விஷயம் அதைவிட வருத்தம். பழையதில் அடியில் இருக்கும் கறுப்பு மூடியைக் கையால் திருகினால் இரண்டு ஸ்லாட் தெரியும். ரிச்சி தெருவில் ராம் வாங்கி வந்து நாமே 16 ஜிபி ஆக்கிக்கொள்ளலாம். புதியதில் ராமை போர்டோடு சால்டர் பண்ணிவிட்டார்கள். 4 ஜிபி வாங்கியவருக்குக் கடைசிவரை 4 ஜிபிதான். கையில் பணம் சேரச் சேரக் கம்ப்யூட்டரை வளர்த்துக்கொள்வதுதான் நம் வழக்கம். முதல் நாளே முழுப் பணத்தையும் கொட்டு என்றால் எங்கே போவது?

வைஃபை மேம்பட்டிருக்கிறது, தண்டர்போல்ட் 2 இரண்டு இருக்கிறது, ஆரம்ப விலை 100 டாலர் குறைந்திருக்கிறது. சரி. ஆனால் இன்று மேக்கிலேயே நாலு கோர் மேசைக் கம்ப்யூட்டர் புதிதாக வேண்டுமென்றால் 1,299 டாலர் ஐமேக்குக்குப் போக வேண்டும். அதற்கு மேல் 2,999 டாலர் மேக் ப்ரோ. என்னிடம் நல்ல மானிட்டர் இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது. அவை இருப்பவர்களுக்காகத்தான் 2005-இல் மேக் மினியையே கொண்டுவந்தார்கள். வீட்டின் ஓர் அறையில் ஸ்டுடியோ நடத்துகிறவர்களுக்கு அந்த நாலு கோர் மினி எத்தனை பெரிய உதவி என்று உனக்குத் தெரியும்.

அதனால் ஓர் உதவி செய். 2012 நாலு கோர் மினி ஒன்று அங்கே செகண்ட் ஹேண்டிலோ, கம்பெனியே புதுப்பித்து விற்பதிலோ கிடைக்கிறதா பார். வாங்குமுன் சிஸ்டம் ரிப்போர்ட்டைத் திறந்து பார்க்கச் சொல். "மேக்மினி6,2" என்று இருந்தால் நாலு கோர், "6,1" என்றால் இரண்டு. வெளியில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஏமாந்துவிடாதே. ராம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. ஹார்டு டிஸ்க்கையும் இங்கே எஸ்எஸ்டியாக மாற்றிக்கொள்வேன். நம் ஊர் 230 வோல்ட்டுக்கு அது அப்படியே ஓடும், பவர் கார்டு மட்டும் இங்கே வாங்கினால் போதும்.

கிடைக்கவில்லை என்றால் வெறுங்கையோடு வா. நான் ஆசைப்பட்டதை வாங்கவில்லையே என்று கடைசி நாளில் புதியதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதே, தம்பி.

அன்புடன்,
அக்கா