மடக்குக் கத்தி வாங்கப் போன கதை

உங்கள் வீட்டில் மடக்குக் கத்தி இருக்கிறதா? இருந்தால் அதை எடுத்து ஒரு முறை பிரித்துப் பாருங்கள். இல்லையென்றால், அப்படி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியோடு நான் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் போய் வந்த கதையைக் கேளுங்கள்.

எங்கள் தோட்டம் கோல லங்காட் பக்கம். ஒரு காலத்தில் ரப்பர். இப்போது கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்பனை. என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்து, பிறகு ஐந்தாம் படிவத்தையும் முடித்த பையன் ஒருவன் தோட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அவனுடைய தாத்தா ஒரு நாள் மாலை என்னைப் பள்ளி வாசலில் நிறுத்தினார்.

"வாத்தியாரய்யா, சனிக்கிழமை டவுனுக்குப் போறீங்களாமே. பேரனுக்கு ஒரு மடக்குக் கத்தி வாங்கியாரணும். நல்லதா இருக்கணும்" என்று சொல்லி, கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த 100 வெள்ளியை எடுத்து நீட்டினார்.

எனக்குத் திகைப்பாகப் போயிற்று. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாள் வேலை என்று வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளிதான் வருகிறது. ஒன்றரை நாள் வேர்வையை ஒரு கத்திக்குக் கொடுப்பதா? அடுப்படியில்தான் நாலு கத்தி கிடக்கிறதே!

பெரியவர் தம் இடுப்பிலிருந்து பழைய கத்தியை எடுத்துக் காட்டினார். தம் முதல் சம்பளத்தில் கிள்ளானில் வாங்கியதாம். தீட்டித் தீட்டி அதன் அலகு மூங்கில் இலை போல மெலிந்துவிட்டது. "நான் மரம் சீவின உளி தோட்டத்து ஸ்டோர்ல குடுத்தது. குடியிருந்த வீடு தோட்டத்தோடது. காண்டா, வாளி எல்லாம் அவங்களோடது. இந்த ஒன்னுதான்யா எனக்குன்னு இருந்தது" என்றார். அதற்குப் பிறகு நான் கணக்குப் பேசவில்லை.

ஆனால் அவருடைய மருமகள், பையனின் தாயார், என்னை லயத்து முனையில் மறித்துக்கொண்டார். "சார், கத்தி மட்டும் வேணாம் சார். எங்கக்கா மகன் மோட்டார் சைக்கிள் பெட்டியில கத்தி வெச்சிருந்தான். பழம் வெட்டன்னுதான் சொன்னான். கோர்ட்டுக்கு அலைஞ்சு அலைஞ்சு அக்கா பாதி ஆளாயிட்டா" என்று கண் கலங்கினார். ஆக, ஒரு கையில் பெரியவரின் 100 வெள்ளி; மறு கையில் ஒரு தாயின் பயம். இரண்டையும் சுமந்துகொண்டு பஸ் ஏறினேன்.

கிள்ளானில் இறங்கியதும் வழக்கம்போல ஜாலான் தெங்கு கிளானாவில் நடந்தேன். சேலைக் கடை, மாலைக் கடை, நகைக் கடை, பலகாரத்தின் நெய் வாசம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதைத் தாண்டி ஒரு சீனரின் இரும்புக் கடைக்குப் போனேன். பாராங், அரிவாள், செம்பனைக் குலை வெட்டும் உளி எல்லாம் தொங்கின. மூலையில் ரப்பர் வெட்டும் உளி ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். 1888-இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்கு வந்த ரிட்லி என்பவர், மரத்தைக் கொத்திக் காயப்படுத்தாமல், பழைய வெட்டின் ஓரத்திலேயே பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்துப் பரப்பினார். அந்த முறையைக் காலங்காலமாகச் செய்து காட்டியவை நம் தாத்தா பாட்டிகளின் கைகள். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயப்படும்; மேலோடு போனால் பால் வராது. கத்தியைப் பற்றி நம் மக்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கடையில் 10 வெள்ளிக்கு மடக்குக் கத்தி இருந்தது. விரித்து அலகைப் பக்கவாட்டில் அசைத்தேன். பல் ஆடுவதுபோல ஆடியது. கடைக்காரரே சிரித்துக்கொண்டு, "சிக்கு, இது ஆறு மாசம்" என்றார். நேர்மையான மனிதர். வருடத்துக்கு இரண்டு என்று வாங்கினால், ஐந்து வருடத்தில் 100 வெள்ளி போய்விடும். கையில் மிஞ்சுவது துருதான்.

பிறகு கொமுட்டர் ரயில் ஏறினேன். சிலாங்கூரின் முதல் ரயில் பாதை 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்குப் பக்கத்துப் புக்கிட் கூடாவுக்கும் இடையே போட்டது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தபோது எனக்கு ஓர் எண்ணம் வந்தது. மடக்குக் கத்தி வெள்ளைக்காரன் கொண்டு வந்த பொருள் என்று நினைக்கிறோம். ஏட்டில் எழுதிய காலத்தில் நம்மிடம் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரு முனையில் எழுத்தாணி, மறு முனையில் ஓலையை வாரும் கத்தி. இரண்டும் கைப்பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். பேனாக்கத்தி என்ற பெயரும், பறவை இறகைச் சீவிப் பேனாவாக்கிய காலத்தில் வந்ததுதான். பார்த்தீர்களா, மடக்குக் கத்திக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பழைய உறவு!

சென்ட்ரல் நிலையத்தில் இறங்கிப் பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தேன். 1881-இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த பிறகு, நகரத்தைச் செங்கல்லால் கட்டச் சொன்னார்கள். அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடம் இது, பெயரும் அதனால்தான். பெரிய வீதிக்குத் துன் சம்பந்தன் பெயர். தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாளில், தொழிலாளரிடமே சிறு தவணைகளாகப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தவர். "எனக்குன்னு ஒன்னு" என்று பெரியவர் சொன்னது அந்த வீதியில் நடக்கும்போது மறுபடி காதில் கேட்டது.

பள்ளிக்குப் புத்தகம் வாங்கிவிட்டு, ஒரு பூக்கடை முன் நின்றேன். மாலை கட்டும் அம்மாவின் மடியில் மடக்குக் கத்தி ஒன்று இருந்தது. நாரை அறுப்பதும் மடக்குவதுமாக இருந்தார். "எத்தனை வருஷமாச்சும்மா இந்தக் கத்தி?" என்று கேட்டேன். "ஆச்சு, பத்து வருஷம். நீங்க விலையைக் கேக்காதீங்க சார். தீட்ட வீட்ல கல்லு இருக்கான்னு கேளுங்க" என்றார். நான் பயிற்சிக் கல்லூரியில் படித்ததை விட நல்ல பாடம்!

கடைசியில் ஒரு பேரங்காடியின் கண்ணாடிப் பெட்டி முன் போய் நின்றேன். இரண்டு வகை எடுத்துக் காட்டினார்கள். ஒன்று சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ். 1884-இல் கார்ல் எல்ஸனர் தொடங்கிய பட்டறை. 1891-இல் சுவிஸ் ராணுவச் சிப்பாய்களுக்குக் கத்தி செய்து கொடுத்தது. திருப்புளி, டப்பா திறப்பான் என்று பலதும் அதற்குள் மடங்கியிருக்கும். மற்றது பிரான்சின் ஓப்பினெல். மலைநாடான சவோயில் 1890-இல் ஜோசப் ஓப்பினெல் செய்தது. மரக் கைப்பிடி, ஒரே ஓர் அலகு. கழுத்தில் ஒரு வளையம். அதைத் திருகினால் அலகு தானாக மடங்கி விரலை வெட்டாது. அந்த வளையம் 1955-இல் வந்தது. விவசாயிகளின் கத்தி என்று பெயர் எடுத்தது இது. நம்மைப் போன்ற பாட்டாளிகளின் சாமான் என்றால் மனம் அங்கேதான் போகிறது, இல்லையா?

வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். விரித்த அலகு ஆடக்கூடாது. மடக்கினால் நடுவில் போய் உட்கார வேண்டும். துருப்பிடிக்கும் எஃகு சீக்கிரம் கூர் ஏறும். ஆனால் நம் ஊர் ஈரத்துக்கு, பழச்சாறு பட்டால் கறுத்து, துடைக்காவிட்டால் துருவும் ஏறும். துருப்பிடிக்காத எஃகைத் தீட்டக் கொஞ்சம் பொறுமை வேண்டும், பராமரிப்பு குறைவு. மரப்பிடி மழையில் நனைந்தால் ஊதி, அலகு விரிய மறுக்கும், காயவிட்டால் சரியாகும். பொத்தானை அழுத்தினால் பாயும் கத்தியை யார் காட்டினாலும் தொடாதீர்கள். 1958-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அதை விற்பதே குற்றம். அதே சட்டம், தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் சிறையும் பிரம்படியும் உண்டு என்கிறது. "பழம் வெட்ட" என்று சொன்னால் மட்டும் போதாது. அந்த நேரத்தில், அந்த இடத்தில் அதற்கு வேலை இருக்க வேண்டும்.

துருப்பிடிக்காத அலகு உள்ள ஓப்பினெல் எட்டாம் எண்ணை 85 வெள்ளிக்கு வாங்கினேன். மீதி 15 வெள்ளியில் ஒரு தீட்டுக்கல். கத்தியைப் பெட்டியோடு, ரசீதோடு பையின் அடியில், புத்தகங்களுக்குக் கீழே வைத்து ஊர் திரும்பினேன்.

நேரே தாயாரிடம்தான் போனேன். கத்தியையும் ரசீதையும் அவர் முன் வைத்து, பையனையும் உட்கார வைத்துச் சொன்னேன்: "இது உர மூட்டை பிரிக்க, கயிறு அறுக்க, காட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பழம் நறுக்க. வேலைப் பையில் போகும். வேலைப் பையில் வரும். வேலை முடிந்ததும் அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும். டவுனுக்கு, திருவிழாவுக்கு, கூட்டாளிகளோடு சுற்ற, எங்கும் எடுத்துப் போகக் கூடாது." பையன் தலையாட்டினான். பெரியவர் அலகைப் பெருவிரல் குறுக்கே மெல்ல வைத்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பேரன் கையில் கொடுத்து, தீட்டுக்கல்லில் தண்ணீர் தெளித்தார். தாயார் மட்டும் முகம் தெளியாமல் உள்ளே போய்விட்டார்.

ஆகவே, வாங்கலாமா? கைக்குத் தினமும் வேலை இருப்பவர், தீட்டிக் காக்கத் தெரிந்தவர் நல்லதாக ஒன்று வாங்கலாம். அது அவர் ஆயுளுக்கும் வரும். அழகுக்கு வாங்கினால் வீண். பள்ளிப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவனுக்கு இலவசமாகக் கிடைத்தாலும் அது நஷ்டம்தான்.

ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுப் பக்கம் போனேன். கத்தி அடுப்படித் தட்டில், தீட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. தாயார் அதை எடுத்துப் புளிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டார்: "சார், அடுத்த சனிக்கிழமை டவுனுக்குப் போறீங்களா? இதே மாதிரி எனக்கும் ஒன்னு... கொஞ்சம் சின்னதா?"