பேட்டரி ஊர்ல டீசல் பஸ்!

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கணும்னு ஆசையா? உங்க லிஸ்ட்டில் முதல் மூணு பெயரைச் சொல்லுங்க பார்ப்போம். ஓலா? போச்சம்பள்ளியில் செய்றாங்க. ஏத்தர்? ஓசூர். டி.வி.எஸ். ஐக்யூப்? அதுவும் ஓசூர்தான். மூணுமே கிருஷ்ணகிரி மாவட்டம்! லாரிக்கும் இந்த மண் பழசு. அசோக் லேலண்ட் 1980-லேயே ஓசூரில் தொழிற்சாலை திறந்துவிட்டது.

ஆனா, இந்த ஸ்கூட்டர்களை எல்லாம் பூட்டி முறுக்கி அனுப்புற பசங்களும் பொண்ணுங்களும் வேலைக்கு எதில் போறாங்க தெரியுமா? டீசல் பஸ்ஸில்! அதைப் பார்க்கத்தான் இந்த வாரம் ஒரு பயணம். ஜன்னல் சீட் பிடிச்சாச்சா? ரைட்... போலாம்!

மாம்பழ ஊரில் இருந்து...

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஏறுங்க. இந்த டவுனுக்கு இன்றைக்கும் ரயில் கிடையாது. மாவட்டத் தலைநகரமாகி (2004, பிப்ரவரி 9) இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. இன்னும் பஸ்தான் ராஜா. சென்னை, சேலம், பெங்களூரு ரோடுகள் சந்திக்கிற இடம் என்பதால் ராத்திரி ரெண்டு மணிக்கும் ஏதாவது ஒரு வண்டி வரும். ஆனா அதில் பாதி பைபாஸில் பறந்துடும். டோல்கேட்ல இறக்கி விட்டால் மீதி உங்க பாடு!

ஓசூர் சுமார் ஐம்பது கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலை 44-ல் வண்டி பிடிச்ச பிடி. குருபரப்பள்ளி தாண்டினா சூளகிரி மலை. அதுக்குள்ள காற்றில் ஒரு ஜில் கலந்துடும். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பார்த்துக்கிட்டே வாங்க. மாந்தோப்பு, கம்பெனி போர்டு, மறுபடி மாந்தோப்பு, மறுபடி கம்பெனி போர்டு... ஓசூர் வந்தா போர்டு மட்டும்தான்.

மூணு பாஷை, ஒரே பஸ் ஸ்டாண்ட்

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அஞ்சு நிமிஷம் சும்மா நில்லுங்க. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் காதில் விழும். டீக்கடைக்காரர் ஒரே மூச்சில் மூணும் பேசுவார். மூக்கில் விழுவது ஒண்ணே ஒண்ணுதான்... டீசல் புகை!

தளி ரோடு, பாகலூர் ரோடு, ராயக்கோட்டை ரோடு, தேன்கனிக்கோட்டை ரோடு... எல்லா ரோடும் சக்கரத்தின் கம்பி மாதிரி இங்கே வந்து சேருது. பாகலூர் பக்கமிருந்து சிப்காட்டுக்கு வேலைக்குப் போகணுமா? பெரும்பாலும் முதலில் ஊருக்குள்ளே வரணும், வண்டி மாறணும், அப்புறம் வெளியே போகணும். ஒவ்வொரு நாளும் மூக்கைச் சுற்றித் தொடுற வேலை. அதனால்தான் முதல் சம்பளம் வந்ததும் எல்லோரும் பைக் ஷோரூமுக்கு ஓடுறாங்க.

பத்தலப்பள்ளியில் புது பஸ் ஸ்டாண்ட் என்று திட்டம் போட்டதும் இந்த நெரிசலைப் பார்த்துத்தான். வெளியூர் பஸ்ஸை அங்கே நிறுத்தினால் டவுனுக்குள் மூச்சு விட இடம் கிடைக்கும். நல்ல விஷயம்தான். ஆனா ஸ்டாண்டை மட்டும் நகர்த்தி, டவுன் பஸ் ரூட்டை அப்படியே விட்டால்? பயணிக்கு ரெண்டு வண்டி மாறுறது மூணாகும். ஆட்டோவுக்குத்தான் கொண்டாட்டம்!

நோட்டை எடுங்க... கணக்கு போடுவோம்!

ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறும். பஸ் லிட்டருக்கு அஞ்சு கிலோமீட்டர் ஓடுதுன்னு வெச்சுக்குவோம். கிலோமீட்டருக்கு 540 கிராம். அம்மாடி!

பதறாதீங்க. உள்ளே ஐம்பது பேர் இருந்தா தலைக்கு 11 கிராம்தான். லிட்டருக்கு 50 கொடுக்கிற பைக்கில் நீங்க தனியா போனா 46 கிராம். நாலு மடங்கு!

இன்னும் சுவாரஸ்யம் இருக்கு. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்குச் சுமார் 30 வாட் அவர் சாப்பிடும். இந்தியாவில் ஒரு யூனிட் கரண்ட் தயாரிக்க சராசரியா 700 கிராம் கார்பன் வெளியேறுது. காரணம், நம்ம கரண்டில் பெரும்பங்கு நிலக்கரி. அப்போ ஸ்கூட்டரில் தனியா போறவர் கணக்கில் 21 கிராம். அதாவது, நிரம்பி வழியுற ஒரு பழைய டீசல் பஸ், பளபளன்னு இருக்கிற எலெக்ட்ரிக் ஸ்கூட்டரையே ஜெயிச்சுடுது! பஸ்ஸில் 12 பேர் ஏறினால் பைக் தோற்கும். 26 பேர் ஏறினால் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தோற்கும்.

ஆனா எட்டே பேரோடு ஓடுற பஸ்? தலைக்கு 67 கிராம். பைக்கே தேவலை!

ஆக, பஸ்ஸின் புகையைத் தீர்மானிக்கிறது இன்ஜின் மட்டும் இல்லை. எந்த ரூட், எந்த நேரம், எத்தனை பேர் என்பதும்தான். ஷிப்ட் முடியும்போது பஸ் இல்லாம, அப்புறம் காலியா ஓடுற பஸ்ஸுக்கு எந்த பேட்டரி போட்டும் பிரயோஜனம் இல்லை.

அப்போ எலெக்ட்ரிக் பஸ் வேஸ்ட்டா? இல்லவே இல்லை! பெரிய எலெக்ட்ரிக் பஸ் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட், சில சமயம் கொஞ்சம் கூடவே எடுக்கும். கார்பன் கணக்கில் இன்றைக்கு டீசலைவிடப் பெரிய லாபம் தெரியாது என்பது உண்மை. காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக்கூட அந்தக் கணக்கு மாறும். ஆனா நுரையீரல் கணக்கு வேற. ஸ்டாண்டில் நிற்கிற உங்க முகத்தில் கரியும் நைட்ரஜன் ஆக்ஸைடும் அடிக்காது. டீசலிலும் முன்னேற்றம் உண்டு. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 விதி, கனரக வண்டிகளின் நைட்ரஜன் ஆக்ஸைடு அளவை பழைய வரம்பில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் குறைச்சது. டீசலில் கந்தகம் 50-லிருந்து 10 பி.பி.எம். ஆச்சு. பழைய வண்டியைக் கழிச்சு புது வண்டி விட்டாலே புகை குறையும்.

சென்னையில் 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி டிப்போவில் இருந்து 120 எலெக்ட்ரிக் பஸ் கிளம்பிச்சு. பெங்களூருவில் ஆயிரத்துக்கும் மேல் ஓடுது. ரெண்டு பெரிய ஊருக்கும் நடுவில், பேட்டரி வண்டி செய்ற ஊர் மட்டும் வேடிக்கை பார்க்குது!

ஜூஜூவாடி... கோட்டுக்கு இந்தப் பக்கம்

இப்போ இந்தப் பயணத்தின் ஹைலைட். ஓசூரில் இருந்து பத்து கிலோமீட்டருக்குள் ஜூஜூவாடி. அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகா. அதே வெயில், அதே தூசி, அதே ரோஜா லாரி. ஆனா பஸ்ஸுக்கு மட்டும் உலகம் மாறிடும்.

நீங்க ஒரு பொண்ணுன்னு வெச்சுக்குங்க. ஓசூர் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே 8-லிருந்து உங்களுக்கு டிக்கெட் இல்லை. கர்நாடகாவிலும் 2023 ஜூன் 11-லிருந்து 'சக்தி' திட்டத்தில் பெண்களுக்கு இலவசம்தான். ஆனா கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை கேட்பாங்க. வீடு ஓசூர், வேலை எலெக்ட்ரானிக் சிட்டி என்றால், பாதி வழி ஃப்ரீ, மீதி வழி பர்ஸ்! கட்டணமும் ஒண்ணா ஏறுறதில்லை. தமிழ்நாட்டில் 2018 ஜனவரியில் ஏறிச்சு. கர்நாடகாவில் 2025 ஜனவரி 5-ல் 15 சதவீதம் ஏறிச்சு.

ஏன் ஒரே டவுன் பஸ்ஸை நேரா விடக் கூடாது? சட்டம் குறுக்கே நிற்குது. 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 88. ஒரு மாநிலம் கொடுத்த பர்மிட்டில் அடுத்த மாநிலமும் கையெழுத்துப் போட்டால்தான் பஸ் தாண்ட முடியும். புது ரூட் வேணுமா? ரெண்டு அரசும் பேசி, ஒப்பந்த வரைவை கெஜட்டில் போட்டு, ஆட்சேபணை கேட்டு... நடக்கும், ஆனா மெதுவா!

அதுக்குள்ள அந்தப் பக்கம் மெட்ரோவே வந்துடுச்சு. 2025 ஆகஸ்ட் 10-ல் திறந்த மஞ்சள் பாதை பொம்மசந்திரா வரை வந்து நிற்குது. அதை ஓசூருக்கு இழுக்க சென்னை மெட்ரோ நிறுவனம் சுமார் 23 கிலோமீட்டருக்கு ஆய்வு பண்ணிச்சு. ஆனா கரண்டில் சிக்கல். பெங்களூரு மஞ்சள் பாதை 750 வோல்ட் டி.சி.; ஓசூருக்கு யோசிச்சது 25 ஆயிரம் வோல்ட் ஏ.சி. ஒரே ரயில் ரெண்டிலும் ஓடாது!

பஸ்ஸுக்கு அந்த வோல்டேஜ் பிரச்னை இல்லையே? ஓசூர் – பொம்மசந்திரா ஷட்டில், ஷிப்ட் நேரத்துக்கு ஏத்த மாதிரி, கால் மணிக்கு ஒண்ணுன்னு விட்டால்? தூரம் கம்மி, ரோடு நேர், கூட்டம் நிச்சயம். எலெக்ட்ரிக் பஸ்ஸுக்கு இதைவிட நல்ல முதல் ரூட் கிடைக்காது.

சியோல்காரங்க செஞ்சது

ரூட்டை மாத்துறது சின்ன வேலை இல்லை. 2004 ஜூலை 1-ல் தென் கொரியாவின் சியோல் நகரம் ஒரே நாளில் பஸ் ரூட்டுகளைப் புரட்டிப் போட்டது. நீண்ட தூர ரூட்டுக்கு நீலம், மெட்ரோவுக்குக் கொண்டு போய் விடுறதுக்குப் பச்சை, புறநகருக்குச் சிவப்பு, நகர மையத்துக்குள் சுற்ற மஞ்சள். பஸ்ஸிலும் மெட்ரோவிலும் ஒரே கார்டு. முதல் நாள் கார்டு மெஷின் மக்கர், ஜனங்க திட்டித் தீர்த்தாங்க. ஆனா பழகினதும் அதையே உலகம் பூரா வந்து பார்த்துட்டுப் போச்சு.

ஓசூருக்கு நாலு கலர் வேண்டாம். ஊருக்குள் வராமலே சிப்காட்டைச் சுற்றுற ஒரு ரூட், எல்லை தாண்டுற ஒரு ரூட்... இது ரெண்டு போதும், ஆரம்பிக்க!

உங்களுக்கு ஒரு அசைன்மென்ட்

'நான் காலேஜ் பையன், என்னால என்ன பண்ண முடியும்?' என்று கேட்காதீங்க. தமிழ்நாட்டில் மாவட்ட கலெக்டர்தான் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தலைவர். திங்கட்கிழமைதோறும் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். வெறும் 'பஸ் வேணும்' மனு அங்கே ஆயிரம் வரும். கணக்கோடு போற மனுவுக்கு மரியாதையே தனி.

என்.எஸ்.எஸ். கேம்ப்புக்கு இந்த வருஷம் ஒரு புது ஐடியா. பத்து பேர் சேருங்க. ஒரு வாரம், ஷிப்ட் மாறுற நேரத்தில், மூக்கண்டப்பள்ளியிலும் ஜூஜூவாடியிலும் நில்லுங்க. எத்தனை பஸ் வந்துச்சு, எத்தனை பேர் ஏறினாங்க, எத்தனை பேர் ஏற முடியாம நின்னாங்க, எத்தனை பைக்கில் ஒத்தை ஆள் போனாங்க... எல்லாத்தையும் எழுதுங்க. மேலே போட்ட கிராம் கணக்கை அதோடு சேருங்க.

அந்த நாலு பக்க நோட்டில், எந்த ரூட்டை எங்கே திருப்பணும்னு பதில் இருக்கும். பேட்டரி பஸ் எப்போ வேணா வரட்டும். வரும்போது அது காலியா ஓடக் கூடாது, அவ்வளவுதான்!