எண்ணிப் பார்த்தேன்

இவ்வாண்டு நம் சங்கத்தின் முதல் சொற்போருக்குச் செயலாளர் கொடுத்த தலைப்பு இது: "அரசாங்க ஊழியர்களை மதவாரியாக எண்ணுவது நன்றா?" நம் நாட்டு விவகாரத்தை எடுத்தால் மேடை சந்தையாகிவிடும் என்று அவருக்கு அச்சம். ஆகவே வட அயர்லாந்தைப் பற்றி மட்டுமே பேச வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். எண்ணக் கூடாது என்ற கட்சி என் பங்குக்கு வந்தது. வராவிட்டாலும் நானே கேட்டு வாங்கியிருப்பேன்.

அதற்குக் காரணம் உண்டு. இந்த வளாகத்துக்கு வந்த முதல் வாரம் விடுதியில் அறைத் தோழன் என் பெயரைக் கேட்டான். சொன்னேன். "அதற்குப் பின்னால்?" என்றான். "பின்னால் ஒன்றும் இல்லை. முன்னால் ஓர் எழுத்து உண்டு, அது என் தகப்பனார் பெயர்" என்றேன். அவன் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. வால் இல்லாத பெயரை வைத்துக்கொண்டு என்னை எந்தக் கட்டத்தில் அடைப்பது என்று அவனுக்கு விளங்கவில்லை. வடக்கே படிக்க வந்த நம்மில் பலருக்கும் இது நேர்ந்திருக்கும். கேட்காவிட்டால் மறந்துபோகும், மறந்துபோனால் மறைந்துபோகும் என்பது அன்று முதல் என் சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்தோடுதான் நூலகத்துக்குள் நுழைந்தேன்.

வட அயர்லாந்து 1921-இல் ஆறு மாவட்டங்களைக் கொண்டு பிரிக்கப்பட்ட சிறு நாடு. அன்று அங்கே மூன்றில் இரண்டு பங்கினர் புராட்டஸ்டண்டுகள். ஒரு பங்கினர் கத்தோலிக்கர். இருவரும் கும்பிடும் கடவுள் ஒருவரே. ஆனால் சண்டை கடவுளைப் பற்றியதன்று. பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்ற சண்டை அது. அதன் அடியில் வேலை யாருக்கு, வீடு யாருக்கு என்ற சண்டை. 1920-இலேயே பெல்பாஸ்ட் கப்பல் கட்டும் துறையிலிருந்து ஆயிரக்கணக்கான கத்தோலிக்கத் தொழிலாளர்கள் விரட்டப்பட்டார்கள். உள்ளாட்சி மன்றங்கள் உத்தியோகம் வழங்குவதில் பாரபட்சம் காட்டின என்ற புகாரில் உண்மை இருக்கிறது என்று 1969-இல் காமரன் விசாரணைக் குழு எழுதியது. வேலையின்றி இருந்த கத்தோலிக்க ஆடவரின் விகிதம் புராட்டஸ்டண்டு ஆடவரின் விகிதத்தைப்போல இரண்டரை மடங்கு என்பது 1970-களிலும் 1980-களிலும் அங்கே எல்லோரும் அறிந்த கணக்கு. அந்த ஆண்டுகளில் துப்பாக்கியும் வெடிகுண்டும் பேசின. 1998-இல் சமாதான உடன்படிக்கை வருவதற்குள் சுமார் 3,500 பேர் மாண்டார்கள்.

1976-இல் ஒரு சட்டம் வந்தது. மதம் பார்த்து வேலை கொடுக்கக் கூடாது என்றது. நல்ல சட்டம், ஆனால் பல் இல்லாத சட்டம். யாரும் "நான் மதம் பார்த்தேன்" என்று ஒப்புக்கொள்வதில்லை அல்லவா? ஆகவே 1989-இல் இரண்டாவது சட்டம் வந்தது. வேலை கொடுப்போர் ஒவ்வோர் ஆண்டும் தம் பணியாளரை எண்ணிக் கணக்குக் காட்ட வேண்டும் என்றது. 1998-இல் இவ்விரண்டையும் ஒன்றாக்கி விரிவுபடுத்தினார்கள். வாரத்துக்கு 16 மணி நேரமாவது வேலை செய்பவர்கள் பத்துப் பேருக்கு மேல் இருக்கும் தனியார் நிறுவனம் ஒவ்வொன்றும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அரசாங்க நிறுவனங்களோ பதிவானவை என்றே கொள்ளப்படும். வேலையில் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் போதாது. விண்ணப்பித்தவர் எத்தனை பேர், அவர்களில் நியமனம் பெற்றவர் எத்தனை பேர் என்றும் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் இருப்பவர்களோடு, வாசலில் வந்து நின்றவர்களையும் எண்ணுகிறார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை அந்தக் கணக்கை வைத்து, இரு சமூகத்தாருக்கும் நியாயமான இடம் இருக்கிறதா என்று ஒவ்வொரு நிறுவனமும் தன்னைத் தானே பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்கும் முறைதான் வேடிக்கை. "உன் மதம் என்ன?" என்று கேட்பதில்லை. கோயிலுக்குப் போனாலும் போகாவிட்டாலும், எந்தச் சமூகப் பின்னணியைச் சேர்ந்தவர் என்றே கேட்கிறார்கள். புராட்டஸ்டண்டு, கத்தோலிக்கர், இரண்டும் அல்ல என்று மூன்று கட்டங்கள். அந்த நாட்டில் ஒரு பழைய நகைச்சுவை உண்டு. "நான் இந்து" என்றானாம் ஒருவன். "அது சரி, புராட்டஸ்டண்டு இந்துவா, கத்தோலிக்க இந்துவா?" என்று கேட்டார்களாம்!

மூன்றாவது கட்டத்தில் குறியிட்டோ, விடை சொல்லாமலோ தப்பிவிடலாம் என்று நினைத்தால் அதுவும் நடப்பதில்லை. பெயர், முகவரி, படித்த பள்ளி, ஆடும் விளையாட்டு இவற்றைக் கொண்டு வேலை கொடுப்பவரே ஊகித்து எழுதிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இதைப் படித்ததும் துள்ளினேன். மதத்தைத் துறந்தவனையும், ஐந்து வயதில் பெற்றோர் சேர்த்துவிட்ட பள்ளியைக் காட்டிப் பிடித்து இழுத்து வந்து கட்டத்தில் அடைப்பதா? என் அறைத் தோழன் செய்ய நினைத்ததைத்தானே இந்தச் சட்டமும் செய்கிறது? சொற்போரில் வெற்றி என் கையில் என்று குறிப்பேட்டில் கோடு போட்டு வைத்தேன்.

ஆனால் அடுத்த நாள் படித்தது என்னைத் தடுமாற வைத்தது. அந்நாட்டார் ஒருவரையொருவர் எப்படி இனம் கண்டுகொள்கிறார்கள் என்பதைப் பற்றிய செய்தி அது. பெயரைக் கேட்டால் பாதி தெரியும்; பள்ளியைக் கேட்டால் முழுதும் தெரியும். ஆங்கில எழுத்தில் எட்டாவதை ஒருவர் 'ஏய்ச்' என்று உச்சரித்தால் புராட்டஸ்டண்டு, 'ஹேய்ச்' என்று உச்சரித்தால் கத்தோலிக்கர் என்று முடிவு கட்டுவார்களாம். சட்டம் வருவதற்கு முன்பும் ஒவ்வொரு தொழிற்சாலை வாசலிலும் இந்தக் கணக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. நடந்தது காதோடு காதாக. ஏடு இல்லை, கூட்டல் இல்லை, கேட்பார் இல்லை. இன்றோ எண்ணுகிறவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் படிவத்தைத் தேர்வுக் குழு பார்க்கக் கூடாது. ஒருவருடைய சமூகத்தை முறைகேடாக வெளியிட்டால் அது குற்றம். மொத்தத் தொகை ஊருக்குத் தெரியும். தனி மனிதன் மறைந்திருப்பான். பழைய முறையிலோ தனி மனிதன் அகப்பட்டுக்கொண்டான். மொத்தத் தொகை மறைந்திருந்தது.

இன்னொன்றும் கண்டேன். அங்கே பல இடங்களில் யாரும் வேண்டுமென்று கதவை அடைக்கவில்லை. தகப்பன் மகனுக்குச் சொன்னான். மாமன் மருமகனைக் கூட்டி வந்தான். விளம்பரம் இல்லாமலே இடம் நிரம்பிற்று.

இந்த வரியில்தான் நான் அகப்பட்டுக்கொண்டேன். சென்ற ஆண்டு நம் பொங்கல் விழாவுக்குத் தொண்டர்களைச் சேர்த்தவன் நான். யாரிடமும் ஊர் கேட்கவில்லை, பேர் கேட்கவில்லை. அதில் எனக்குப் பெருமைகூட உண்டு. நூலகத்தில் உட்கார்ந்தபடியே அந்தப் பன்னிரண்டு பேரையும் விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது பேர் என் மாவட்டத்துக்காரர்கள். நான் ஒருவரையும் விலக்கவில்லை. தெரிந்தவர்களைக் கூப்பிட்டேன், அவ்வளவுதான். விழா முடிந்து பாத்திரம் கழுவும் இடத்தில் முதலாண்டு மாணவன் ஒருவன், "எனக்கும் வேலை செய்ய ஆசையாக இருந்தது, அண்ணா. யாரும் கூப்பிடவில்லை" என்றான். "நீயே வந்திருக்கலாமே, தம்பி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நகர்ந்தேன். அந்தச் சிரிப்பு இப்போது கசந்தது.

எண்ணியதால் அங்கே என்ன பயன் விளைந்தது? 1990-இல் கணக்கில் வந்த பணியாளரில் கத்தோலிக்கர் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியிருந்தனர். இன்று ஏறக்குறையப் பாதி. மக்கள் தொகை மாறியதும், கல்வி பெருகியதும் இதற்குக் காரணங்கள். எல்லாப் புகழையும் கணக்குப் புத்தகத்துக்கே கொடுக்க முடியாது. ஆயினும் மாற்றம் நடக்கிறதா இல்லையா என்று வாதாடும் வேலை மிச்சமாயிற்று. தராசு ஒரு பக்கம் மட்டும் பார்ப்பதுமில்லை. புராட்டஸ்டண்டுகள் குறைந்துவிட்ட நிறுவனங்கள் இன்று, "அச்சமூகத்தாரின் விண்ணப்பங்களைச் சிறப்பாக வரவேற்கிறோம்" என்று விளம்பரம் செய்கின்றன. வரவேற்பு அழைப்போடு சரி, வேலை தகுதிக்கே.

போலீசில் மட்டும் அழைப்புப் போதவில்லை. சுமார் 8 சதவீதமே கத்தோலிக்கர் இருந்த அந்தப் படையில், 2001 முதல் 2011 வரை புதிதாகச் சேர்த்தவர்களில் பாதிப் பேர் கத்தோலிக்கர், பாதிப் பேர் மற்றவர் என்று சட்டமே விதித்தது. அந்தப் பத்தாண்டில் அவர்கள் பங்கு சுமார் 30 சதவீதமாயிற்று. அதன் பிறகு மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கிறது. தகுதியிருந்தும் கத்தோலிக்கரல்லர் என்பதற்காகத் திருப்பி அனுப்பப்பட்ட இளைஞனின் மனக்குறையும் உண்மையே. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

என் பழைய ஆட்சேபமும் செத்துப்போகவில்லை. 2021 குடிக்கணக்கில், பிறந்து வளர்ந்த சமயத்தையும் சேர்த்துப் பார்த்தால், கத்தோலிக்கர் 45.7 சதவீதம், புராட்டஸ்டண்டுகளும் பிற கிறிஸ்தவர்களும் 43.5 சதவீதம். "எதுவும் இல்லை" என்போர் 9.3 சதவீதமாகிவிட்டனர். இவர்களுக்கு இரண்டு தட்டுத் தராசு எத்தனை நாள் பொருந்தும்? வேலைத் தலத்தில் ஒன்றாக உட்காருகிறவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்னும் தனித்தனிப் பள்ளிகளுக்கே போகிறார்கள். இரு சமூகத்தாரும் சேர்ந்து படிப்பதற்கென்றே ஏற்பட்ட பள்ளிகளில் பயில்வோர் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆசிரியர் நியமனத்தில் மதம் பார்க்கலாம் என்றிருந்த விலக்கை நீக்கவே 2022-இல்தான் சட்டம் செய்தார்கள். கணக்கு நோயைக் காட்டும், அதுவே மருந்தாகிவிடாது.

சொற்போர் நாளில் இதையெல்லாம் இருந்தபடியே சொன்னேன். பள்ளியைக் காட்டி ஊகிக்கும் முறையைத் தாக்கினேன், கைதட்டல் கிடைத்தது. கடைசியில் பொங்கல் தொண்டர் கணக்கையும் சொன்னேன். சபை அமைதியாயிற்று. வாக்கெடுப்பில் என் கட்சி தோற்றது. "எதிர்க்கட்சிக்கு உன்னைப்போல் ஒருவன் உதவியதில்லை" என்று எதிரணித் தலைவர் என் முதுகைத் தட்டினார். அந்தப் பட்டத்தை மறுக்க என்னிடம் வாதம் இல்லை.

இவ்வாண்டுப் பொங்கல் விழாத் தொண்டர் பட்டியல் விடுதி உணவுக்கூட வாசலில் தொங்குகிறது. பெயர் தர விரும்புவோர் யாரும் எழுதலாம். ஊரும் வகுப்பும் எழுத இரண்டு கட்டங்கள் போட்டிருக்கிறேன். விருப்பமில்லாதவர்கள் வெறுமனே விடலாம். அந்தத் தம்பியின் அறைக் கதவையும் தட்டிச் சொல்லிவிட்டு வந்தேன்.